சீனி என்று சொன்ன பொய்

சூலகத்தில் நீர்க்கட்டிகள் என்று டொக்டர் சொன்னபோது எனக்குக் கலியாணமாகி நாலு வருஷம். மாதவிடாய் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சிலவேளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தது. பிள்ளை தங்காததற்கு இதுதான் காரணமாக இருக்கலாம், முதலில் மாப்பொருளைக் குறையுங்கோ என்றார். சோற்றைக் குறைப்பது எனக்குப் பெரிய பாடில்லை. வேலையால் வந்ததும் பின்னேரம் எடுக்கிற பசிதான் பொல்லாதது. அதற்குக் கச்சான் கடலை, அவித்த முட்டை, வெள்ளரிக்காய் என்று கிளினிக்கில் ஒரு துண்டு எழுதித் தந்தார்கள்.

அந்தத் துண்டை நான் வீட்டில் காட்டவில்லை. அரியாலையில் நாங்கள் இருப்பது மாமியோடு, அதாவது என் கணவரின் தாயாரோடு. மாமி பொல்லாதவர் இல்லை. நாலு வருஷத்தில் ஒருநாள்கூட "விசேஷம் ஒண்டும் இல்லையோ" என்று கேட்டதில்லை. கேட்காதவரிடம் போய், குறை என்னிடம்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயம், வெட்கம் இரண்டும்தான். தாயிடம் சொல்வதில்லை என்று கணவரிடமும் சத்தியம் வாங்கினேன். மாமியிடம், "ரத்தத்திலை சீனி கொஞ்சம் கூடவாம் மாமி, கவனமா இருக்கட்டாம்" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

அவ்வளவுதான், மாமி களத்தில் இறங்கிவிட்டார். அடுத்த நாளே சீனிப் போத்தல் அலுமாரியின் மேல்தட்டுக்குப் போனது. பின்னேரத் தேத்தண்ணியோடு பனையோலைக் குட்டானில் இருந்து உடைத்த பனங்கட்டி வந்தது. "சீனிதான் பிள்ளை நஞ்சு. இது பனையின்ரை சாமான், ஒண்டும் செய்யாது." கூடவே பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் ஒரு கிண்ணம், கடிக்கத் தேங்காய்ச் சொட்டு. பனையில் இருந்து வந்த எதையும் குறை சொல்கிற ஆளை நான் யாழ்ப்பாணத்தில் இன்னும் சந்திக்கவில்லை. நானும் நம்பினேன், அதுதான் வெட்கக்கேடு. வேலை செய்கிற கந்தோரில் மற்றவர்கள் ரோல்ஸ் சாப்பிடும்போது அவர்களைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு புழுக்கொடியலை மென்றேன்.

மூன்று மாதம் கழித்துக் கிளினிக்குக்குப் போனேன். எடை கூடியிருந்தது, மாதவிடாய் ஒருமுறைகூட வந்திருக்கவில்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று உணவு ஆலோசனை சொல்கிற பெண் கேட்டாள். பெருமையாகவே சொன்னேன். அவள் பேனையைக் கீழே வைத்தாள்.

"அக்கா, கிழங்கை அவிச்சுக் காயவிட்டா மாப்பொருள் எங்கை போகும்? பனங்கட்டியும் இனிப்புத்தானே?"

பஸ்ஸில் வரும்போது மாமி மேல் கோபம் கோபமாக வந்தது. இறங்கி நடக்கும்போதுதான் அது என் மேல் திரும்பியது. என்ன நோய், என்ன வருத்தம் என்று சொன்னால்தானே அந்த மனுசிக்கு எதைக் கொடுப்பது என்று தெரியும்.

அன்று மாமி கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கட்டிகள், தள்ளிப்போகிற மாதவிடாய், பிள்ளைக்காகத்தான் இந்த வைத்தியம், புழுக்கொடியலும் பனங்கட்டியும் அதற்கு ஆகாது என்பது வரை. சொல்லி முடித்துவிட்டு, இனி என்னைக் குறை சொல்வார் என்று காத்திருந்தேன். மாமி கிண்ணத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்தார்.

"அப்ப இந்த மூண்டு மாசமும் என்ரை பேரப்பிள்ளையை நானே மறிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன், என்ன?" என்றார்.