ஆறு வெள்ளிக்கிழமைகளுக்குக் கசகசா

எனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கத்தில் பத்து வருஷமாக எஸ்டிடி பூத் வைத்திருக்கிறேன். மனு, நோட்டீஸ், இங்கிலீஷ் கடிதாசி எது வந்தாலும் பக்தவச்சலத்திடம் கொடு, படித்துவிடுவார் என்றுதான் தெருவே சொல்லும். அந்தப் பெயரைக் காப்பாற்றப் போய் உமைமாவின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டேன்.

உமைமாவுக்குப் பாக்கெட் போடும் வேலை. மாதவரத்திலிருந்து மூட்டையில் வரும் மிக்சரையும் வறுத்த பட்டாணியையும் சின்னச் சின்ன பாலிதீன் கவரில் நிரப்புவாள். கவரின் வாயை இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடின் மேல் மடித்து மெழுகுவர்த்திச் சுடரில் ஒரே இழுப்பு, ஒட்டிக்கொள்ளும். அவள் ஒட்டியதில் காற்றுகூடப் போகாது. புருஷன் ஃபவாஸுக்கு எண்ணூரில் வெல்டிங் வேலை. பாதி மாதம் இருக்கும், பாதி மாதம் இருக்காது. வீடு ஓடியது அவள் கையால்தான்.

2003-இல் ஃபவாஸுக்கு துபாய் விசா வந்தது. முதல் சம்பளம் வர நாற்பத்தைந்து நாள் ஆகும், அதுவரை சாப்பாடு அவரவர் பாடு என்று ஏஜெண்ட் கையை விரித்துவிட்டான். டிக்கெட்டுக்கே அவள் கழுத்து மூளியாகியிருந்தது. அங்கே கடையில் வாங்கித் தின்ன எங்கே போவது? உமைமா உட்கார்ந்து நாற்பத்தைந்து நாளைக்கும் பாக்கெட் போட்டாள். காலைக்கு பிஸ்கட்டும் பொரிகடலையும், சாயங்காலத்துக்கு மிக்சர். வெள்ளிக்கிழமை மட்டும் அவனுக்குக் குருமா வேண்டும். கசகசா சேராத குருமாவை அவன் தொடமாட்டான். தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் சமைத்துக்கொள்ளட்டும் என்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு குட்டிப் பாக்கெட் கசகசா ஒட்டி, மிக்சருக்கு நடுவில் செருகினாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் ஏஜெண்ட் கொடுத்த தாளோடு இருவரும் பூத்துக்கு வந்தார்கள். கொண்டுபோகக் கூடாதவற்றின் பட்டியல், முழுக்க இங்கிலீஷ். சாராயம், பன்றிக்கறி, சூதாட்டச் சாமான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். நடுவில் 'பாப்பி சீட்ஸ்' என்று ஒன்று. சீட் என்றால் விதை, தெரியும். பாப்பி? பப்பி என்றால் நாய்க்குட்டி, டைப் அடித்தவன் எழுத்தைக் கோட்டை விட்டிருக்கிறான் என்று நானே தீர்ப்பெழுதினேன். நாய்க்குட்டிக்குப் போடும் தானியம் என்று சொன்னேன்.

"நம்ம வூட்ல நாயே கெடியாதேண்ணே" என்று ஃபவாஸ் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

துபாயில் இறங்கினதும் ஃபவாஸ் பூத்துக்கு போன் போடுவதாகப் பேச்சு. அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. உமைமா மூட்டையையும் மெழுகுவர்த்தியையும் எடுத்துக்கொண்டு பூத் வாசலுக்கே வந்துவிட்டாள். யாருக்கு மணி அடித்தாலும் எழுந்து நிற்பாள். கூட்ஸ் வண்டி போகும் சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடுமோ என்று, வண்டி வரும்போதெல்லாம் போன் பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள். லைன் பிஸியாக இருந்திருக்கும் என்று நான் தேற்றினேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மணி அடித்தது. பேசியது ஃபவாஸ் இல்லை. அவனோடு ஒரே விமானத்தில் போன ராயபுரத்து சிலுவைமுத்து.

"அண்ணே, அவன ஏர்போர்ட்லயே புட்ச்சிகினு போய்ட்டாங்க. கசகசாண்ணே. இங்க அது அபின் கணக்காம். இங்கிலீஷ்ல பாப்பி சீடுன்றாங்க. குட்டிக் குட்டி பாக்கெட்டா ஒட்டி, மிக்சருக்குள்ள மறைச்சு வெச்சிருந்தானா, விக்கறதுக்குன்னு எழுதிகினாங்க."

எத்தனை வருஷம் என்று கேட்டேன். நாலுக்குக் குறையாது என்று பேசிக்கொள்கிறார்கள் என்றான். பக்கத்தில் நின்ற உமைமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த இங்கிலீஷ் வார்த்தையைத் தவிர.

அவள் அழவில்லை. "நான்தானே ஒட்னேன்" என்றாள். அதற்கப்புறம் பத்து நாள் மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. சோறு இறங்கவில்லை. விரல்களைச் சுவரில் அடித்துக்கொள்கிறாள் என்று பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் வந்து சொன்னாள். நான் பூத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அந்தப் பக்கம் தலைகாட்ட எனக்குத் தைரியம் இல்லை.

பதினோராம் நாள் அவளே வந்தாள்.

"அண்ணே, அன்னிக்கு நீங்க படிச்ச லிஸ்ட்ல கசகசா இருந்துச்சா? எனக்குக் காதுல வுழுந்த மாதிரியே இல்ல."

"இல்லம்மா" என்றேன்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, வாங்கிக் கொடுத்த டீயை முழுசாகக் குடித்தாள். பத்து நாளில் முதல் தடவையாக முகத்தில் உயிர் வந்தது. எனக்கும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது.

"அப்போ ஏஜெண்டு மேலதான் தப்பு" என்றாள். "வக்கீலம்மா ஒருத்தங்க கேஸ் போட்லாம்னாங்க. லிஸ்ட அவங்க கையில குட்த்துட்டேன். நாளைக்குப் படிச்சுட்டுப் பேசலாம்னாங்க. நீங்களும் கூட வாங்கண்ணே. அன்னிக்கு இன்னா படிச்சீங்கன்னு நீங்கதான் சாட்சி சொல்லணும்."

வருகிறேன் என்றேன்.