அம்மனைத் தூக்கிய தோள்

அப்பாவுக்கு முதலில் தளர்ந்தது தொடை. வேலை செய்த ரெய்னர்ஸ் லேன் பலசரக்குக் கடையில் அரிசிப் பை அடுக்கக் குந்தினால், தட்டைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புவார். பிறகு மேல்தட்டுக்குக் கை உயரவில்லை. தசை அழற்சியாக இருக்கலாமென்று மருத்துவர் தொடைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்.

அதற்குள் ஈலிங் அம்மன் கோயில் திருவிழா வந்துவிட்டது. அங்கே அப்பா, சச்சிதானந்தன், என்றால் சாமி தூக்குகிறவர். முன்வரிசையில் ஓர் இடம் எப்போதும் அவருடையது.

“என்ன சச்சியண்ணை, இந்தமுறை அம்மாள் உங்களைத் தூக்கிறதோ?” என்று சுபாஸ்கரன் மாமா பகிடி விட்டார். அப்பாவும் சிரித்தார்.

ஆனால் தூக்கினார். முழு வீதியும் தோள் மாற்றாமல் வந்தார்.

அடுத்த வாரம் ஸ்கேன். அதற்கு முன் மருத்துவமனையில் ஆங்கிலத்தில் கேட்டதை அவரிடம் நான் தமிழில் கேட்டேன். “வேற குளிசை, மருந்து ஏதும் எடுக்கிறியளோ எண்டு கேக்கினம், அப்பா.”

“இல்லையெண்டு சொல்லு, பிள்ளை.”

எங்கள் வீட்டில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். அவர் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

படத்தில் அழற்சி அவ்வளவாக இல்லை. “பாத்தியே, அம்மாள் கைவிடேல்லை” என்றவர், அடுத்த சந்திப்புக்குப் போகவே மறுத்துவிட்டார்.

திருவிழாவுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ரஜனி மாமி சூட்கேஸில் ஸ்டீராய்ட் குளிசை கொண்டுவந்திருந்தது எங்களுக்கு அப்போது தெரியாது. “அங்கை எல்லாரும் நோவுக்குப் போடுறதுதானே அண்ணை” என்று கொடுத்தாராம். குளிசை அழற்சியை அடக்கியிருந்தது. படம் அந்த அடங்கிய தசையைத்தான் காட்டியது. குளிசை முடிந்ததும் நோய் திரும்பி வந்தது. அப்பாவோ அந்தப் படத்தையே நம்பிக் குளிர்காலம் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் ஏற முடியாமல் போனபோது இரண்டாவது ஸ்கேன் எடுத்தார்கள். தசை இருந்த இடத்தில் பெரும்பாலும் கொழுப்பு. அப்போதுதான் அப்பா குளிசையைப் பற்றிச் சொன்னார். இனி மருந்து நோயை நிறுத்தலாம், போன தசையைத் திருப்பித் தராது என்றார் மருத்துவர். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

இந்த ஆண்டு அப்பா வீதியோரம் கதிரையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய இடத்தில் சுபாஸ்கரன் மாமா தூக்கி வந்தார். போன முறை விட்ட பகிடி நினைவுக்கு வந்ததோ என்னவோ, எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லோருடைய கைகளும் தலைக்கு மேல் குவிந்தன. அப்பாவின் கைகள் நெஞ்சோடு நின்றன.

“நான் இன்னொருக்காக் கேட்டிருக்க வேணும், அப்பா.”

“அப்பவும் இல்லையெண்டுதான் சொல்லியிருப்பன்” என்றார். “களவாக் குளிசை போட்டதைப் படிச்ச பிள்ளைக்கு முன்னால எப்பிடிச் சொல்லுறது? வேற ஆரும் கேட்டிருந்தா சொல்லியிருப்பன்.”

அம்மன் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.