பதினொன்றாவது வரி

கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் அத்தான் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வார். பதினோரு வருடங்களாக இதைப் பார்த்து வந்தேன். ஒருமுறைகூட அவர் திரையைப் பார்த்து நின்றதில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு எதிரே இருப்பவர்களின் முகத்தைத்தான் பார்ப்பார். எத்தனை பேர் வாயைப் பிளந்தார்கள் என்று எண்ணுகிற மாதிரி இருக்கும்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ஒரு வரைபட அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடிநீர்க் குழாய் எந்தத் தெருவில் எவ்வளவு ஆழத்தில் போகிறது, எங்கே திரும்புகிறது என்று படம் போட்டுக் கொடுக்கிற இடம் அது. ஒரே மாடி, எட்டு மெஷின், மேனேஜருக்கு ஒரு கண்ணாடி அறை. அங்கே கூட்டித் துடைப்பதும் டீ போடுவதும் கப் கழுவுவதும் என் வேலை. அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் அத்தான். வாரத்துக்கு ஒருமுறையாவது அதை நினைவுபடுத்துவார், நான் மறந்து தொலைத்தால் என்ன செய்வது என்று.

முதலில் அவர் அங்கே ஜெராக்ஸ் எடுக்கிறவராகத்தான் இருந்தார். நான் சேர்ந்த வருடம் இருந்த இன்ஜினியர் வேறு வேலை கிடைத்துப் போனார். போகிறபோது அத்தானிடம் ஒரே ஒரு சொல் எழுதிய துண்டுச் சீட்டைக் கொடுத்தார். "மெஷின்ல இருக்கிற மத்த எதையும் தொடாதீங்க, ஏதாவது அழிஞ்சு போயிடும். இந்த ஒண்ணை மட்டும் எப்ப வேணும்னாலும் அடிக்கலாம். மெஷினைப் பத்தின விவரமெல்லாம் காட்டும். ஒரு கெடுதலும் பண்ணாது" என்றார். அப்போது நான் அந்த மேசைக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கெடுதலும் பண்ணாத அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அத்தான் பதினோரு வருடம் பெரிய மனிதராக நடமாடினார்.

"மெஷின் மெதுவா இருக்கு சார்" என்று யாராவது வாயைத் திறந்தால் போதும். நாற்காலியில் இருக்கிறவரை எழுப்பிவிட்டு உட்காருவார். விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்குவார். கறுப்புச் சன்னல் ஒன்றைத் திறந்து, அதைத் திரை முழுவதுக்கும் பெரிதாக்கி, சிஸ்டம்இன்ஃபோ என்று இரண்டே விரலால் அடிப்பார். சில நொடிகள் ஒன்றும் நடக்காது. பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொள்வார். பிறகு வெள்ளை எழுத்துகள் திமுதிமுவென்று இறங்கும். மெஷினின் பெயர், செய்த கம்பெனி, நினைவகம் எவ்வளவு, எந்த நாளில் மென்பொருள் போட்டது, அதில் என்னென்ன ஒட்டுப்போட்டிருக்கிறது என்று அங்க அடையாளம் முழுவதும் வந்து நிற்கும். அத்தான் எழுந்து திரும்பி நிற்பார்.

"பாத்தீங்களா, உள்ள எவ்வளவு ஓடுதுன்னு? இதையெல்லாம் நான் ஒருத்தன் தலையில வச்சுக்கிட்டு இருக்கேன்."

"இப்ப சரியாயிடுமா சார்?"

"பத்து நிமிஷம் கழிச்சுப் பாருங்க."

பத்து நிமிடம் கழித்து அதுவாகச் சரியாகியிருந்தால் அத்தான் சரிசெய்தது. இல்லையென்றால் மெஷினுக்கு வயதாகிவிட்டது.

முகத்துக்கு நேரே அவரை எல்லோரும் சிஸ்டம் சார் என்பார்கள். படம் வரைகிற பெண்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் கறுப்புத்திரை. "கறுப்புத்திரை வருது, எழுந்து இடம் விடு" என்று ஒருத்தி முணுமுணுப்பாள், மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிவார்கள். வீட்டில் அக்காவுக்கு மட்டும் அவர் மேதை. "எட்டு மெஷினும் அவர் கையில. அவர் இல்லேன்னா அந்த ஆபீஸே படுத்துடும்" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்வாள். அதே வீட்டில் மின்விசிறி நின்றுபோனால் வெளியிலிருந்து ஆளைக் கூப்பிடுவாள். அதைப் பற்றி அவளும் யோசித்ததில்லை, நானும் கேட்டதில்லை. அவர்கள் வீட்டின் பின்னறையில் இருந்துகொண்டு அதையெல்லாம் கேட்க முடியாது.

எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எண்கள் எந்த மொழியிலும் எண்கள்தானே. அத்தான் பேசி முடிக்கிறவரை நான் மேசைகளைத் துடைத்துக்கொண்டு நிற்பேன், திரை எனக்கு எதிரே இருக்கும். மேலிருந்து பதினொன்றாவது வரியில் ஒரு தேதியும் மணியும் வரும். அது மட்டும் அவ்வப்போது மாறும். எதனால் மாறுகிறது என்று ரொம்ப நாள் எனக்கு விளங்கவில்லை.

விளங்கியது போன மார்ச் வெயிலில். நான்காம் தேதி புதன்கிழமை மதியம், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. ஆபீஸ் முழுவதும் இருண்டது. இந்த மாதிரி நேரத்தில் மெஷின்களைத் தாங்கிப் பிடிக்க ஒரு பேட்டரிப் பெட்டி இருந்தது; அது நன்றாக இருக்கிறது என்று அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அது ஒரு நொடிகூடத் தாங்கவில்லை. எல்லோரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். மின்சாரம் திரும்பி வந்ததும் எல்லா மெஷினும் தாமாகவே எழுந்துகொண்டன. இரண்டு நாள் கழித்து அத்தான் யாருக்கோ கறுப்புத் திரை காட்டியபோது பதினொன்றாவது வரியில் நான்காம் தேதி இருந்தது, பதினாறு ஐம்பத்திரண்டு என்று மணியும் இருந்தது. மெஷின் கடைசியாக எப்போது கிளம்பியது என்று சொல்கிற வரி அது.

அந்த ஆபீஸில் ஒரு விதி உண்டு. வேலை முடிந்து போகிறபோது யாரும் மெஷினை அணைக்கக் கூடாது, திரையை மட்டும் அணைக்க வேண்டும். சனிக்கிழமை அத்தான் தனியாக வந்து எட்டு மெஷினையும் முழுவதுமாக அணைத்து, மறுபடி போட்டு, பதிவேட்டில் கையெழுத்து இடுவார். கையெழுத்து ஒரு சனிக்கிழமையும் தவறியதில்லை. வரிசையாக, ஒரே பேனாவில், அழகாக இருக்கும்.

அந்த மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, முப்பதாம் தேதி காலை, சன்னல் ஓரத்து மேசையில் குழாய்ப் படம் வரைகிற பெண் தன் திரையைப் போட்டாள். ஒன்பது நாளாக வரைந்ததெல்லாம் காணாமல் போயிருந்தது. வியாழக்கிழமை ஒப்படைக்க வேண்டிய படம். எட்டு வருடமாக அங்கே இருக்கிறவள். கணவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி நான்கு மாதமாகப் படுத்திருக்கிறார், வீடு அவள் சம்பளத்தில்தான் நடக்கிறது. அவள் போட்ட சத்தத்தில் மேனேஜரே அறையை விட்டு வெளியே வந்தார்.

அத்தான் வந்தார். விரல்களைச் சொடுக்கினார், அடித்தார், எழுந்து திரும்பினார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒயரைப் பிடுங்கியிருக்காங்க சார். மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போது பிடுங்கினா ஃபைலெல்லாம் போகாம என்ன செய்யும்?"

"நான் ஒயரைத் தொடவே இல்லை சார். திரையை மட்டும்தான் அணைச்சேன்."

"மெஷின் பொய் சொல்லாதும்மா. எல்லாம் இங்க வந்திருக்கு பாரு" என்று திரும்பிப் பார்க்காமலே பின்னால் கையை விட்டுத் திரையைத் தட்டினார். அவர் விரல் பட்ட இடத்துக்கு இரண்டு அங்குலம் மேலே நான்காம் தேதி இருந்தது.

மேனேஜர் அவளைப் பார்த்தார். "நாலு மணிக்கு வாங்க. ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்தா நல்லபடியா போகலாம். இல்லேன்னா நான் எழுத வேண்டியிருக்கும். எதுவானாலும் இந்த வாரத்தோட கடைசி."

கப் கழுவுகிற இடத்துக்கு அவள் இரண்டு மணிக்கு வந்தாள். முகத்தைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள்.

"அக்கா, நீங்க சாயங்காலம் கூட்டும்போது இருந்தீங்களே. நான் ஒயர் பக்கம் போனேனா?"

"நான் பாக்கலை" என்றேன். உண்மையாகவே பார்க்கவில்லை. அவள் திரும்பினாள். வாசல்வரை போய்விட்டாள். "ஆனா பதினொண்ணாவது வரியில தேதி இருக்கு" என்றேன்.

"எந்த வரி?"

"கறுப்புத் திரையில, மேலேர்ந்து. மெஷின் கடைசியா எப்பக் கிளம்புச்சுன்னு. நாலாந்தேதின்னு காட்டுது. டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்ச அன்னைக்கு. ஒயரைப் பிடுங்கியிருந்தா அதுக்கப்புறம் வேற தேதி வந்திருக்கணும்."

அவள் ஈரக் கையோடு அப்படியே நின்றாள். "எட்டு வருஷமா அந்த மனுஷன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். ஒருநாள் திரையைப் பாக்கலையே."

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்."

நான்கு மணிக்கு மேனேஜர் கேட்ட டீயைத் தட்டில் வைத்துக்கொண்டு நான் போனபோது அவள் மேனேஜரையும் அத்தானையும் தன் மேசைக்கே அழைத்து வந்திருந்தாள். மற்றவர்கள் வேலை செய்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தார்கள்.

"சிஸ்டம் சார், அதை ஒருதரம் ஓடவிடுங்களேன். நான் என்ன தப்புப் பண்ணினேன்னு பாத்துத் தெரிஞ்சுக்கிறேன்."

அத்தானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடவிட்டார், எழுந்தார், திரும்பினார்.

"பதினொண்ணாவது வரியைப் படிங்க" என்றாள்.

"என்னது?"

"மேலேர்ந்து பதினொண்ணு. நீங்களே படிங்க."

பதினோரு வருடத்தில் முதல்முறையாக அத்தான் திரையின் பக்கம் திரும்பினார். விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணினார். எண்ணி முடிப்பதற்குள் மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து படித்துவிட்டார்.

"நாலாந்தேதி கிளம்பியிருக்கு. அப்ப வெள்ளிக்கிழமை ஒயரைப் பிடுங்கினது?"

அத்தான் எண்ணிக்கொண்டிருந்த விரலை எடுத்தார். "அது... அது மெஷின் வாங்கின தேதி சார். அதுல எப்பவும் அப்படித்தான் இருக்கும்."

"வாங்கினது இந்த மாசமா?"

"கம்பெனியில தப்பா போட்டிருப்பான் சார்."

"சரி. பக்கத்து மெஷினை ஓட்டுங்க."

ஓட்டினார். நான்காம் தேதி, பதினாறு ஐம்பத்திரண்டு. அடுத்தது, ஐம்பத்து மூன்று. அத்தான் தன் ஒரே வித்தையை ஒவ்வொரு மேசையாகப் போய்க் காட்டிக்கொண்டே வந்தார். அவரை இவ்வளவு வேலை வாங்கியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கழுத்துப்பட்டை நனைந்துவிட்டது. கடைசியில் கண்ணாடி அறைக்குள் மேனேஜரின் சொந்த மெஷின். அதிலும் நான்காம் தேதி.

"எல்லாத்தையும் சேர்த்து வாங்கினது சார். அதான் எல்லாத்துலயும் ஒரே தேதி" என்றார் அத்தான். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு அவர் ஓரளவுக்குத் தப்பித்திருக்கலாம்.

"நாலாந்தேதிதானே தெருவுல கரண்ட் போச்சு? எப்ப வந்துச்சு, யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்றார் மேனேஜர்.

சன்னல் மேசைப் பெண் தரையைத்தான் பார்த்தாள், வாக்குத் தவறவில்லை. மேனேஜரின் கண் டீத்தட்டுக்கு வந்தது. "நீங்கதானே அன்னைக்கு டீக்குத் தண்ணி கொதிக்கலைன்னு நின்னுக்கிட்டு இருந்தீங்க?"

அத்தான் என்னைப் பார்த்தார். தெரியாது என்று சொல் என்கிற பார்வை. அந்தப் பார்வை வீட்டில் எனக்குப் பழக்கம்.

"அஞ்சுக்கு எட்டு நிமிஷம் இருந்துச்சு சார்" என்றேன். "அஞ்சு மணி டீ, அதனால கடிகாரத்தைப் பாத்தேன்."

மேனேஜர் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். நான்காம் தேதிக்குப் பிறகு நான்கு சனிக்கிழமை, நான்கு கையெழுத்து. "எட்டு மெஷினும் அணைத்துப் போடப்பட்டன" என்று நான்கு தடவை எழுதியிருந்தது.

"நாலு வாரமா எதை அணைச்சீங்க?"

"சனிக்கிழமை வந்தேன் சார். சும்மா வரலை. பழைய காப்பியெல்லாம் எடுத்து... பாதுகாப்பா இருக்கட்டும்னு மெஷின்ல போட்டேன்..."

"எங்க போட்டீங்க?"

அத்தான் சன்னல் மேசையைப் பார்த்தார். பழைய படத்தைப் புதிய படத்தின் மேலேயே போட்டு மூடியிருக்கிறார். போட்டது தெரிந்தபின் அவளைக் கைகாட்டியிருக்கிறார். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. "ஒன்பது நாள் சார்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று வீட்டுக்குப் போனபோது அக்கா வாசலிலேயே நின்றாள்.

"உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவருக்கு நீ செஞ்சது இதுதானா?"

"மணி கேட்டாங்க, சொன்னேன்."

"தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே. உனக்குத் தெரியும்னு யாருடி எதிர்பார்த்தா?"

உள்ளே அத்தான் போனில் தன் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தார். ஆபீஸில் எல்லோருக்கும் தன்மேல் பொறாமையாம். தன் அளவுக்கு விஷயம் தெரிந்தவன் இருந்தால் மற்றவர்களுக்கு இருப்புக் கொள்ளாதாம். தம்பி ஆமாம் போட்டிருக்க வேண்டும், குரல் போகப் போகத் தெளிந்துகொண்டே வந்தது.

அக்காவிடம் மேற்கொண்டு பேசியிருந்தால், அந்தப் பெண்ணின் ஒன்பது நாளைப் பற்றி உன் கணவர் ஒரு வார்த்தை சொன்னாரா என்று கேட்டிருப்பேன். அடுத்த மாதம் பின்னறையைக் காலி செய்தேன்.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. குழாய்ப் படம் பன்னிரண்டு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அதை வரைந்தவள் அதே சன்னல் மேசையில் இருக்கிறாள். அத்தானை வேலையை விட்டு அனுப்பவில்லை, கீழ்த்தளத்தில் காகிதச் சுருள் கிடங்கைப் பார்க்க வைத்திருக்கிறார்கள். மெஷின்களுக்கு வெளியிலிருந்து ஒரு ஆள் வருகிறார், அதிகம் பேசுவதில்லை. நான் இன்னும் அங்கேயே டீ போடுகிறேன், அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறையில் இருக்கிறேன். அக்கா என்னோடு பேசுவதில்லை.