பைகளுக்குக் காவல்

இரண்டு வருடங்களுக்கு முன், செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது.

கடைவீதியில் எங்களுக்குப் பாத்திரக் கடை. என் கணவர் குடித்தே அதைப் பாதி காலி செய்தவர். ஆஸ்பத்திரியில் உடம்பைத் தேற்றி அனுப்பினார்கள். மனதை யார் தேற்றுவது? நாய் வாலை நிமிர்த்தவா முடியும் என்று அவரைப் பெற்ற தாயே சொல்லிவிட்டார். அப்போதுதான் ஜிம் நடத்தும் ஒரு மாஸ்டரைப் பற்றிக் கேள்விப்பட்டோம். அவரும் ஒரு காலத்தில் குடித்து, விழுந்து எழுந்தவர். வார நாட்களில் உடற்பயிற்சி. பிறகு உட்காரவைத்துப் பேசுவார். சாயங்காலம் கை நடுங்கினால் என்ன செய்வது, எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போவது என்பதுவரை சொல்லித் தருவார். ஞாயிறு என்றால் கோட்டை வாசல் திறந்ததும் ராஜகிரி மலை ஏற வேண்டும். வீட்டு ஆளும் கூட வர வேண்டும்.

“குடிச்சது அவரு, களைச்சுப் போனது நீங்கம்மா. உங்க காலுக்கும் கொஞ்சம் தெம்பு வேணாமா?” என்று என்னையும் இழுத்துவிட்டார்.

அவரிடம் ஒரு விநோத வழக்கம் இருந்தது. முந்தின நாள் குடித்தவர் மலை ஏறக் கூடாது. ஆனால் வராமலும் இருக்கக் கூடாது. அடிவாரக் கல்லில் குச்சியோடு உட்கார்ந்து, எல்லோருடைய பைகளையும் குரங்குகளிடமிருந்து காக்க வேண்டும். யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். எங்கள் ஊர்க் குரங்குகளைத் தெரியாதவர்களுக்கு இது சுலபமான வேலையாகத் தோன்றும். என் கணவர் அந்தக் கல்லில் பல வாரம் உட்கார்ந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஏறுவேன். பிறகு மெல்ல மெல்ல அவரும் ஏற ஆரம்பித்தார்.

மழைக்காலம் முடிந்த சமயம், மாஸ்டர் திடீரென்று ஜிம்மைத் திறக்கவில்லை. போனையும் எடுக்கவில்லை. அண்ணன் இறந்த துக்கம் என்றார்கள். அந்த ஞாயிறு நாங்களாகவே அடிவாரத்தில் கூடினோம். கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். சவரம் செய்யாத முகம், சிவந்த கண்கள். யாரையும் பார்க்காமல் குச்சியை எடுத்துக்கொண்டு அந்தக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அவரே விழுந்துவிட்டார் என்றால் என் வீட்டுக்காரர் எம்மாத்திரம்?

“அவருக்கே இந்தக் கதின்னா நாம இன்னாத்துக்கு ஏறணும்?” என்று ஒருவர் முனகிக்கொண்டே பைக்கை எடுத்துக்கொண்டு போனார். பின்னாலேயே இன்னும் இருவர் கிளம்பினார்கள். என் கணவரும் பைக் சாவியைக் கையில் எடுத்தார். போகும் வழியில்தான் அவர் குடித்துக்கொண்டிருந்த அந்தப் பழைய சாராயக் கடை. நான் சாமியைக்கூடக் கூப்பிட மறந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சாவியைத் தன் தோள்பைக்குள் போட்டார். பையைக் கொண்டுபோய் மாஸ்டர் காலடியில் வைத்தார்.

“உள்ள வாழப்பழம் இருக்குது மாஸ்டர். குரங்கு வந்தா உட்றாதீங்க.”

மாஸ்டர் நிமிரவில்லை. தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது.

மீதியிருந்தவர்கள் ஏறினோம். இறங்கும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. மாஸ்டரின் சட்டைக் கை கிழிந்து தொங்கியது. பைகள் அப்படியே இருந்தன.

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். கிளம்பிப் போனவர்களில் ஒருவர் இன்று உயிரோடு இல்லை. மாஸ்டர் சில வாரம் ஏறுகிறார், சில வாரம் கல்லில் உட்காருகிறார். என் கணவர் ஏறிக்கொண்டிருக்கிறார், ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்குப் பயம்தான். அவர் மறுபடி விழுந்தாலும் வீட்டுக்குள் சுருண்டு கிடக்காமல் அந்தக் கல்வரைக்குமாவது வந்துவிட வேண்டும் என்பதுதான் இப்போதெல்லாம் என் வேண்டுதல்.