துண்டோடு வருகிறவர்கள்

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் சங்கத்துக்கு, வங்கியில் ஓய்வு பெற்ற நான்தான் செயலாளர். சாரல் காலத்து இரண்டு மாதக் கூலிதான் அவர்களுக்கு வருஷத்துச் சோறு. ஏழு கூட்டம் போட்டு, இனிக் கூலியை செல்போனில் மட்டும் வாங்குவதென்று இருபத்தாறு பேரையும் சம்மதிக்க வைத்தேன். ஆளுக்கொரு க்யூஆர் அட்டையும் கொடுத்தேன். குளிக்க வருகிறவர்கள் செல்போனை அறையில் வைத்துவிட்டு வருவார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

“அட்டையக் காட்டினா துண்ட உதறிக் காட்டுதான் அண்ணாச்சி. ரூமுக்குப் போய்ப் போடுதேங்கான். எவன் போடுதான்?” என்றார் ஒருவர்.

முதல் வாரம் குளிக்க வந்த நூறு பேரில் முப்பத்தொரு பேர்தான் பணம் அனுப்பியிருந்தார்கள். போகப்போகப் பழகிவிடும் என்று பிடிவாதமாக இருந்தேன். ரொக்கமே வாங்குங்கள் என்று கடைசியில் நான் சொன்னபோது சாரல் நின்று பதினோரு நாளாகியிருந்தது. அதைக் கேட்க ஏழு பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் கூலிவேலை தேடிக் கேரளாவுக்குப் போய்விட்டார்கள்.