பாறைக்கடியில் பஜ்ஜி

ஊரில் மழை என்றால் ஜன்னலைச் சாத்துவோம். அமீரகத்தில் மழை என்றால் காரை எடுப்போம். அன்று, மலைப்பக்கம் போகாதீர்கள் என்று எல்லோருடைய போனும் கூவியது. மழை எங்கே கொட்டுகிறது என்று அரசாங்கமே வழி சொல்கிறதே என்று நானும் மனைவியும் அஜ்மானிலிருந்து ஃபுஜைரா மலைக்குக் கிளம்பினோம். டிக்கியில் கேஸ் அடுப்பு, கடலை மாவு, வாழைக்காய்.

வெதுவெதுப்பான மழை. குடைக்குள்ளும் வியர்த்தது. அடுப்பு நனையக் கூடாதென்று, மலைச்சரிவில் கூரைபோல நீட்டிக்கொண்டிருந்த பாறைக்கடியில் மனைவி கடை விரித்தாள். நான் சற்றுத் தள்ளிக் காரோரம் நின்றேன். எனக்குக் கை சும்மா இருக்காது. ஒரு பொடிக்கல்லை எடுத்து அவள் முதுகில் எறிந்தேன்.

"பஜ்ஜி வேணுமா, வேண்டாமா?" என்றாள் திரும்பாமலே.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு கல் அவள் பக்கத்தில் விழுந்தது. அது நான் எறிந்ததல்ல. நிமிர்ந்து பார்த்தேன். காலையிலிருந்து ஊறிய சரிவில் மண்ணும் சரளையும் ஒழுகிக்கொண்டிருந்தன.

"மலை சரியுது, ஓடி வா" என்று கத்தினேன்.

"போன தடவ பாம்புன்னீங்க. அதுக்கு முன்னாடி போலீஸ்னீங்க" என்றபடி அடுத்த வாழைக்காயை மாவில் தோய்த்தாள்.

பன்னிரண்டு வருஷமாக நான் அவளிடம் விட்ட கதையெல்லாம் சேர்ந்து என் வாயை அடைத்தது. அவளை இழுத்துவர ஓடப் பார்த்தேன், முழங்கால் வரை சேற்றில் மாட்டிக்கொண்டேன். போனைத் தூக்கிப் பிடித்தேன்.

"உங்கம்மா லைன்ல இருக்காங்க. அழறாங்க."

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். போனை அவள் பிடுங்கிய நேரம், லாரியில் ஜல்லி கொட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பினால் அடுப்பும் இல்லை, சட்டியும் இல்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் கற்குவியல்தான் இருந்தது.

காதிலிருந்து போனை எடுக்காமல் நின்றாள்.

"அம்மா பேசலையே."

"பேசல. பொய் சொன்னேன்."

என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

அன்றிலிருந்து அவளிடம் விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்வதில்லை. அதை அவள்தான் இன்னும் நம்பவில்லை. போன வாரம் வீட்டில், கேஸ் கசிகிறது என்றேன். சிரித்துக்கொண்டே லைட்டரைக் கையில் எடுத்தாள். ஒன்றும் பேசாமல் ஓடிப் போய்ப் பிடுங்கினேன்.