பெரியம்மா வீட்டு அளவு நோட்டு

எதையும் இரண்டு முறை அளந்து பார்க்காமல் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. இதைப் பல முறை அளந்து பார்த்துவிட்டேன். நடந்தது நடந்ததுதான். கீழே வரும் நேரம், நாள், அங்குலம் எல்லாமே அன்றன்றைக்கே நாட்குறிப்பில் எழுதியவை. என் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு, அதனால்தான் எழுதி வைக்கிறேன். அப்படி எழுதி வைத்திருக்காவிட்டால் இன்றைக்கு நானே இதை நம்பமாட்டேன்.

எனக்குப் பத்தொன்பது வயது. மாலை நேரத் தையல் வகுப்பில் சேர்ந்திருந்தேன். மூன்று மாதப் படிப்பு. சான்றிதழ் கையில் இருந்தால் ஆடைத் தொழிற்சாலையில் வேலை நிச்சயம் என்றார்கள். எங்கள் வீட்டில் சம்பாதிக்க இனி நான்தான். ஆனால் வீட்டிலிருந்து வகுப்புக்கு ஐந்து மணி நேரப் பயணம். பெரியம்மா வீட்டிலிருந்து நாற்பது நிமிடம்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனவள் ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை. இருபத்தோரு வருடம். அம்மா தயங்கித் தயங்கிக் கடிதம் போட்டாள். பதில் ஒரே வரிதான் வந்தது. 'வரட்டும். பொண்ணு என்ன உயரம்?'

"கட்டில் பத்துமான்னு கேட்கிறா போல" என்றாள் அம்மா.

தெருக்கோடியில் இருந்தது அந்த மாடி வீடு. கதவைத் திறந்தவளைப் பார்த்து வேலைக்காரி என்றுதான் முதலில் நினைத்தேன். குள்ளமான உருவம். காது வரை ஏறும் காலர் வைத்த சட்டை. தாடைக்கும் தோளுக்கும் நடுவே இடமே இல்லை. யாராவது கூப்பிட்டால் தலை மட்டும் திரும்பாது, உடம்பு மொத்தமும் திரும்பும்.

"பெரியம்மாதான். உள்ளே வா" என்றாள்.

பெரியப்பா நில அளவை அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அச்சு மாதிரி கையெழுத்து, மெல்லிய குரல். என்னை மேலும் கீழுமாக ஒரு முறை பார்த்துவிட்டு, "ரெண்டரை" என்றார்.

"என்ன பெரியப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. மணியைச் சொன்னேன்."

அப்போது மணி நான்கு ஐம்பது.

அந்த வீட்டில் எல்லாமே யாரோ ஒருத்திக்காகச் செய்ததுபோல இருந்தது. என் அறைக் கண்ணாடியில் நெற்றி தெரியவில்லை, குனிய வேண்டியிருந்தது. கட்டிலில் கால் நீட்டினால் விரல்கள் பலகையில் இடித்தன. அலமாரி நிறைய கவுன்கள். எல்லாம் ஒரே அளவு.

"இந்த வீட்டுப் பொண்ணோடது. போட்டுக்கோ" என்றாள் பெரியம்மா.

மகள் வெளியூரில் இருக்கிறாள் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதை அன்றே கேட்டிருக்க வேண்டும்.

ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். தோள் பிடித்தது, கை மணிக்கட்டுக்கு எட்டவில்லை.

"தையலைப் பிரிச்சுக் கொஞ்சம் விட்டுக்கிறேன் பெரியம்மா. எனக்கும் பாடம் படிச்ச மாதிரி ஆச்சு."

"வேண்டாம்." குரல் சட்டென்று மாறியது. "இந்த வீட்ல துணியைத் திருத்துற வழக்கம் இல்ல. தானா சரியாயிடும்."

அன்று இரவு ஒன்பது இருபதுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாடியில் தையல் மெஷின் மிதிக்கும் சத்தம். கடகட... கடகட... நிற்கும். மறுபடி கடகட. அவர்கள் இருவரும் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மேலே யாரு?"

"எலி" என்றார் பெரியப்பா.

"எலி மெஷின் மிதிக்குமா?"

"எங்க வீட்டு எலிக்குத் தொழில் தெரியும்."

சிரிக்கலாமா என்று பெரியம்மாவைப் பார்த்தேன். அவள் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் தையல் டீச்சருக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. அளப்பவர் எழுதக் கூடாது. அவர் எண்ணைச் சொல்ல வேண்டும், எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். தன்னைத் தானே யாரும் அளந்துகொள்ளக் கூடாது. முதல் நாளே என்னை அளந்து அட்டை எழுதினார்கள்: தோள் 15, கை நீளம் 23, உயரம் 64. அளந்தவள் என் பக்கத்து மெஷின்காரி. ஒல்லியாக இருப்பாள், எல்லாருக்கும் அவள் 'ஊசி'.

முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெரியம்மா டேப்பை எடுத்து வந்தாள். பின்னால் ஒரு நீள நோட்டோடு பெரியப்பா.

"வா, அளந்து வைப்போம். தன்னைத் தானே அளக்கக் கூடாதுன்னு உங்க டீச்சர் சொல்லியிருப்பாங்களே?"

அந்த விதியை நான் வீட்டில் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருப்பேனோ என்னவோ. என் நினைவை நான் முழுசாக நம்புவதில்லை.

15, 23, 64. சரியாக இருந்தது.

அதற்கு மூன்றாம் நாள் காலை ஆறே காலுக்குக் குளிக்கப் போனபோது கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு தோளிலும் தோலின் மேல் ஒரு வெள்ளைக் கோடு. தையல் சாக்பீஸால் போட்டது. துணியில் எங்கே வெட்ட வேண்டுமோ அங்கே போடுவோமே, அந்த மாதிரி. தோள் முனையிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி...

வகுப்பில் ஒட்டியிருக்கும். கழுவிவிட்டேன்.

இரண்டாவது ஞாயிறு: தோள் 14½.

மறுநாள் ஊசியிடம் சொன்னேன். "உங்க பெரியம்மா டேப் இழுத்துப்போனதா இருக்கும்டி. துணி டேப்புன்னா அப்படித்தான், நீளும், அளவு கம்மியா காட்டும்" என்று அவளே அளந்தாள். 14½. இரும்பு ஸ்கேலை வைத்து டேப்பைச் சரிபார்த்தோம். டேப்பில் குறையில்லை. அட்டையைப் பார்த்தோம். 15.

"என்னடி இது, சோறு போடாம உன்னைத் துவைச்சுக் காயப்போடறாங்களா? சுருங்கிட்டே வர்றே!"

அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். முதல் நாள் அவள் தவறாக அளந்திருப்பாள் என்று எழுதிவைத்தேன். அடுத்த வரியில், 'அல்லது நான்' என்று எழுதி அடித்தேன்.

அடுத்த வியாழன் மறுபடி தோளில் கோடு. மூன்றாவது ஞாயிறு: தோள் 14.

அன்று இன்னொன்றையும் பார்த்தேன். பெரியம்மா டேப்பை என் தோளில் வைத்துக்கொண்டிருந்தாள், இன்னும் வாயே திறக்கவில்லை. அதற்குள் பெரியப்பாவின் பேனா எழுதி முடித்து நின்றுவிட்டது. பெரியம்மா அவரைப் பார்த்தாள். அவர் உதடு அசைந்தது. அதன் பிறகுதான் அவள், "பதினாலு" என்றாள்.

அவர்கள் அளந்து எழுதவில்லை. எழுதிவிட்டு அளந்தார்கள்.

மாலையில் அலமாரியிலிருந்து அந்தக் கவுனை எடுத்துப் போட்டேன். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது. யாராவது பிரித்துத் தைத்திருப்பார்கள் என்று உள்பக்கம் திருப்பி ஒவ்வொரு தையலாகப் பார்த்தேன். பழைய நூல். பழைய துளைகள். ஒரு தையல்கூடப் பிரிக்கப்படவில்லை.

அன்றிலிருந்து கதவுக்கு நாற்காலி முட்டுக்கொடுத்துத் தூங்கினேன். நாற்காலி அசையவே இல்லை. ஆனாலும் அந்த வியாழன் இரண்டு மணிக்கட்டிலும் கோடு இருந்தது.

நான்காவது ஞாயிறு: கை நீளம் 21½. கவுனின் கை என் மணிக்கட்டில் வந்து நின்றது. வலி இல்லை. காயம் இல்லை. பேருந்தில் மேலே பிடிக்கும் கம்பி மட்டும் எட்டவில்லை.

கிளம்பிவிடலாமா என்று இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். இன்னும் எட்டு வாரம்தான். எட்டு வாரம் போனால் சான்றிதழ், வேலை. வீட்டுக்குப் போய் என்ன சொல்வேன், கை குட்டையாகிவிட்டதென்றா?

இருந்தேன்.

ஐந்தாவது ஞாயிறு. காலை 6.15. கண்ணாடி முன் நின்றேன். குனியாமல் நெற்றி தெரியவில்லை. உயரம் மட்டும் இன்னும் என்னுடையதாக இருந்தது.

கழுத்தைப் பார்த்தேன்.

கோடு ஒன்றில்லை. இரண்டு. கழுத்தைச் சுற்றி, மேலே ஒன்று, கீழே ஒன்று. இடைவெளியை அளந்தேன். மறுபடி அளந்தேன்.

இரண்டரை அங்குலம்.

9.35. பெரியப்பா குளியலறையில் இருந்தார். நீள நோட்டு மேசை மேல் இருந்தது. திறந்தேன்.

வரிசை வரிசையாக எண்கள். யாருக்கும் பெயர் இல்லை, தேதி மட்டும். முதல் பக்கங்களில் காகிதம் பழுத்திருந்தது, அது பெரியப்பாவின் கையெழுத்து அல்ல. ஒவ்வொரு வரிசையும் ஒவ்வொரு எண்ணில் தொடங்கியது. உயரம் 63. உயரம் 65. ஒன்று 67. ஆனால் எல்லா வரிசையும் ஒரே எண்களில் முடிந்தது.

தோள் 14. கை 21½. உயரம் 61½.

கடைசி வரிசை என்னுடையது. இன்றைய தேதி போட்டு, மை காய்ந்து...

உயரம் 61½.

மாடியில் மெஷின் சத்தம். கடகட... கடகட...

நின்றது.

கத்தரிக்கோல் ஒன்று விரியும் சத்தம்.

பிறகு மாடிப்படியில் காலடி. ஒன்று. இரண்டு.

குளியலறையில் தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

பையை எடுக்கவில்லை. நாட்குறிப்பை மட்டும் எடுத்தேன். கூடத்துக்கு ஓடினேன்.

வாசலில் பெரியம்மா. கையில் டேப்.

படியில் ஐந்து. ஆறு.

பெரியம்மா என்னைப் பார்த்தாள். என் கழுத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, முழு உடம்போடு, சுவர் பக்கம் திரும்பி நின்றாள்.

"நான் உன்னைப் பார்க்கல" என்றாள் சுவரிடம். "போ."

உள்ளே இருந்து பெரியப்பாவின் குரல். "பத்து மணி ஆகப் போகுது."

ஓடினேன்.

தெருக்கோடிவரை திரும்பிப் பார்க்கவில்லை. தலை திரும்புமா என்று பார்க்கவே பயமாக இருந்தது...

திரும்பியது.

படிப்பு அத்தோடு நின்றது. வேலையும் போயிற்று. வகுப்பு பிடிக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை, ஆனால் துருவவும் இல்லை. பத்து நாள் கழித்து ஊசி என் அட்டையைத் தபாலில் அனுப்பியிருந்தாள். 15, 23, 64. அம்மாவை அளக்கச் சொன்னேன். 14, 21½, 64. மூன்று வாரம் தொடர்ந்து அளந்தாள். போனது திரும்பி வரவில்லை. இருப்பது குறையவும் இல்லை.

ஒரு நாள் மத்தியானம் அம்மாவிடம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"பெரியம்மா பொண்ணு இப்போ எங்கே இருக்கா?"

"அவளுக்கு ஏது பொண்ணு? பிள்ளையே இல்லையே. ஏன், உனக்குத் தெரியாதா?"

அம்மாவுக்கு அக்கா ஞாபகம் வந்துவிட்டது. பெட்டியின் அடியிலிருந்து ஒரு புகைப்படம் எடுத்து வந்தாள். கல்யாணத்துக்கு முந்தின மாதம் எடுத்ததாம். இரண்டு பெண்கள். ஒருத்தி அம்மா. பக்கத்தில் நின்றவளின் தோள் அளவுக்குத்தான் இருந்தாள்.

"இவ யாரும்மா?"

"யாரா? ஒரு மாசம் அவ சோத்தைத் தின்னுட்டு யாருங்கிறே! பெரியம்மாடி. கழுத்தைப் பாரு, எவ்வளவு நீளம். பள்ளிக்கூடத்துல இவளை ஒட்டகச்சிவிங்கின்னுதான் கூப்பிடுவாங்க. அழுதுகிட்டே வருவா." அம்மா சிரித்தாள். "தெருவிலேயே உயரமான பொண்ணு. அஞ்சடி ஏழங்குலம். இப்பவும் அப்படியேதான் இருக்காளா?"

ஐந்தைப் பன்னிரண்டால் பெருக்கினேன். ஏழைக் கூட்டினேன்.

அறுபத்தேழு.

தப்பாக இருக்குமோ என்று இன்னொரு முறை பெருக்கினேன்.